கல்லுக்கு அடியில் வைத்த தகடு

கல் விழுந்துபோன பழைய கவரிங் நகைகளைச் சரிசெய்யும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பசையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எந்தப் பசை நாள்பட மஞ்சளிக்காது, பழைய காலத்துக் கண்ணாடிக் கல் எந்த ஊரில் கிடைக்கும், நிறம் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்கிறீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லித்தர என்னைவிட நல்ல கைகள் இருக்கின்றன. எனக்குச் செய்தித்தாளின் கொட்டை எழுத்துகூட இப்போது தெரிவதில்லை. கண் போனாலும் வாய் போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். போகாத அந்த வாயால், இந்தத் தொழிலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பசையைவிட அது உங்களுக்கு உதவும்.

நான் பிறவியில் தட்டான், ஊரில் பத்தர் என்பார்கள். அப்பாவும் அவருடைய அப்பாவும் தங்க வேலை செய்தவர்கள். தங்கச் சுரங்கத்து ஊரில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு சந்தில், முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக இருந்தோம். அறுபதுகளில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். பதினாலு காரட்டில் தாலி செய்துகொள்ள எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். என் சித்தப்பா ஒருவர் பங்காருபேட்டை ஸ்டேஷனில் வெள்ளரிக்காய் விற்றார். நான், என்னிடம் தங்கம் எதுவும் இல்லை என்று சர்க்கார் ஆபீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கவரிங் நகை ரிப்பேர் என்று பலகை மாட்டினேன். பூமிக்குள்ளிருந்து தங்கம் எடுக்கிற ஊரில் பித்தளைக்குக் கல் கட்டிப் பிழைக்கிற நிலை வந்தது.

வேலைக்குக் குறைவில்லை. துரைமார் குடும்பங்கள் ஊரைவிட்டுக் கப்பலேறும்போது, வீட்டில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன புரோச்சுகளும் மாலைகளும் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த ஒவ்வொரு லைனிலும் இருந்தன. ஆங்கிலோ இந்திய வீடுகளில் பெட்டி பெட்டியாக இருந்தது. நாடகக் குழுக்காரர்கள் ராஜா கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாவற்றிலும் நாலு கல்லாவது விழுந்திருக்கும்.

எனக்குத் தங்க வேலை பார்த்தவன் என்ற திமிர் இருந்தது. முதல் மாதமே ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாவின் வண்ணத்துப்பூச்சிப் புரோச்சை, தங்கத்தைக் காட்டுவதுபோல ஊதுகுழல் தீயில் காட்டினேன். அது ஈயமும் தகரமும் கலந்த சாதி. இரண்டாவது மூச்சு இழுப்பதற்குள் தோசைக்கல்லில் விட்ட வெண்ணெயாக உருகி ஓடிவிட்டது. அந்த அம்மா வந்து, கரிக்கு நடுவில் கிடந்த கட்டியைக் குனிந்து பார்த்தார். "என் பட்டர்ஃப்ளை எங்கே மேன்?" என்று கேட்டார். பறந்துவிட்டது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

அது கை செய்த தப்பு. கை ஒரு முறை சுட்டுக்கொண்டால் அப்புறம் மறக்காது. நான் சொல்ல வந்தது, கை மிக நன்றாக வேலை செய்த ஒரு நாளைப் பற்றி.

எஸ்தர் என்று ஓர் அம்மா, சாம்பியன் ரீஃப் பக்கம் லைன் வீட்டில் இருந்தார். சின்ன வயதில் ஒரு துரை வீட்டில் வேலை செய்தவர். துரைசாணி ஊருக்குப் போகும்போது தன் தோளிலிருந்த புரோச்சைக் கழற்றி இவர் சேலையில் குத்திவிட்டுப் போனாராம். இலை வடிவம், அதில் சொட்டுச் சொட்டாகப் பதினோரு தேன் நிறக் கண்ணாடிக் கல். மூன்று விழுந்துவிட்டன. மகள் லில்லி சர்ச்சுப் பாட்டுக் குழுவில் சேர்ந்திருந்தாள், தாவணித் தோளில் குத்திக்கொள்ள வேண்டும், மூன்று கல்லும் வைத்துக் கொடுங்கள் என்று எஸ்தர் கொண்டுவந்தார். கணவர் பெயர் ஞானமுத்து. சுரங்கத்துக் கல்லை அரைத்துத் தங்கத்தைப் பிரிக்கிற மில்லில் வேலை.

உடைந்த கம்மல் ஒன்றிலிருந்து அதே அளவில் மூன்று கல் கிடைத்தது. ஆனால் நிறம் ஒரு பிடி வெளுப்பு. இப்படிப்பட்ட கல்லுக்கு அடியில், குழிக்குள், பளபளப்புத் தாள் வைப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைத் தாள் வைத்துப் பார்த்தேன், மஞ்சள் தாள் வைத்துப் பார்த்தேன். மற்ற எட்டும் தேனாக நிற்க, இந்த மூன்றும் காய்ச்சலில் கிடந்து எழுந்த குழந்தைகள்போலச் சோகை பிடித்து நின்றன. இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு மாரடித்தேன்.

என் பெட்டியில் ஒரு தகடு இருந்தது. பாதித் தீப்பெட்டி அளவு, வெங்காயச் சருகுபோல மெல்லியது, சுத்தத் தங்கம். அப்பா காலத்து மிச்சம். என்னிடம் தங்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேனே, அப்போது சொல்லாமல் விட்டது. விற்க மனசு வரவில்லை, உருக்கவும் மனசு வரவில்லை. அதிலிருந்து சொட்டு வடிவத்தில் மூன்று துண்டு வெட்டி மூன்று கல்லுக்கும் அடியில் வைத்தேன். மூன்றும் சேர்ந்து ஒரு குன்றிமணி எடைகூட வராது. வைத்ததும் கல் மூன்றும் பற்றிக்கொண்டன. பதினொன்றில் எது பழசு, எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

எஸ்தரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் தகடு வைத்திருப்பது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒருவருக்கும் தெரியாமல் நல்லது செய்கிறோம் என்ற பெருமை. தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று ஊர் எங்களைப் பழிக்கும். நானோ எடுக்கவில்லை, என் பொன்னைப் போட்டு அனுப்பினேன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நகைக்குள் நீங்கள் வைப்பது அதற்குச் சொந்தக்காரருக்குத் தெரிய வேண்டும், மட்டமானதை வைத்தாலும் சரி, உசத்தியானதை வைத்தாலும் சரி. அன்றைக்கு எனக்கு அந்தப் புத்தி இல்லை.

எட்டு மாதம் போயிற்று. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து பலகையை எடுத்து வைக்கிறேன், எஸ்தர் ஓட்டமும் நடையுமாக வந்தார். தலை வாரவில்லை.

"இன்னா எஸ்தரம்மா, காலங்காத்தால?"

"அந்த புரோச்சு ஊசி லூசா பூடுச்சு பத்தரே. ஷிஃப்டு முடிச்சு வரும்போது உங்க கைல குடுத்துட்டு வாங்கன்னு அவர்கிட்ட நான் தான் குடுத்தேன். சட்ட பாக்கெட்ல போட்டுகினு அப்படியே மில்லுக்குள்ள பூட்டாரு."

மில்லுக்குள் மஞ்சளாக எதையும் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். உள்ளே போகும்போது கேட்பாரில்லை. வெளியே வரும்போது வேட்டி மடிப்பிலிருந்து டிபன் கேரியர் அடித்தட்டு வரை தடவிப் பார்ப்பார்கள்.

"வெளிய வரும்போது சோதன போட்டிருக்காங்க. பாக்கெட்லருந்து எடுத்து ஒதறும்போது கல்லு ஒண்ணு வுழுந்துச்சாம். அடியில மின்னுச்சாம். தங்கத்த கல்லுக்கு கீழ ஒளிச்சு எடுத்துனு போறான்னு எழுதிட்டாங்க பத்தரே. இன்னிக்கு மூணு மணிக்கு விசாரண. ருசுவாச்சுனா வேலை பூடும், கேசு போடுவாங்க, வீட்டயும் காலி பண்ணணும்."

அப்புறம் அவர் என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டு கேட்டார். "அது பித்தள தானே? நீங்க கட்டுன கல்லு தானே? மூணு மணிக்கு வந்து அது கவரிங்குனு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க வார்த்தைய தட்ட மாட்டாங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையிலிருந்த பலகையைச் சுவரில் சாய்த்தேன்.

"இன்னா பத்தரே, பேச மாட்டேன்றீங்க?"

"வரேம்மா, நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டேன்.

என் மனைவி காமாட்சி பின்கட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தகட்டைப் பற்றித் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"மூணு மணிக்கு போயி இன்னா சொல்லுவீங்க?"

"பித்தளைன்னு சொல்லட்டுமா?"

"தங்கத்த கண்டுபுடிக்கறதே அவங்க பொழப்பு. அவங்ககிட்ட போயி பித்தளைன்றீங்களா?"

"அப்போ நான் தான் வெச்சேன்னு சொல்லிடறேன்."

"சொல்லிட்டு? ஒண்ணுமே இல்லன்னு கையெழுத்து போட்டுக் குடுத்தீங்களே, அந்தக் காயிதம் இன்னும் ஆபீசுல தானே கீது? உங்கள புடிச்சுனு போனா ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு நான் எங்க போவேன்?" மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "இன்னா வேணா சொல்லுங்க. மொதல்ல அந்தத் தகட்ட வீட்ட வுட்டு எடுத்துனு போயி எங்கனா வீசிட்டு வாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. தகட்டைக் காகிதத்தில் மடித்து மடியில் சொருகிக்கொண்டு, சயனைடு மேட்டுப் பக்கம் நடந்தேன். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மண்ணை மலைமலையாகக் கொட்டி வைத்திருக்கும் இடம் அது. அங்கே ஒரு தகட்டைப் புதைத்தால் ஏழு தலைமுறைக்கும் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

மேட்டடியில் உட்கார்ந்தேன். பயந்தவனுக்கு எவ்வளவு சாமர்த்தியமாக யோசனை வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்று தோன்றியது. கல் கட்டினேன், அடியில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை, துரைசாணி காலத்திலேயே இருந்திருக்கலாம் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? தகடு போய்விட்டால் எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஞானமுத்துவுக்கும் ஒருவேளை சந்தேகத்தின் பலன் கிடைக்கும். இரண்டு குடும்பமும் தப்பிக்கும். இப்படியே யோசித்து, கிட்டத்தட்ட என்னை நானே நல்லவன் என்று நம்பவைத்துவிட்டேன்.

மண்ணைக் கையால் தோண்டிவிட்டு, கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று காகிதத்தைப் பிரித்தேன். வெயிலில் தகடு மின்னியது. நடுவில் மூன்று ஓட்டை, சொட்டுச் சொட்டாக, நான் வெட்டி எடுத்த இடம்.

அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் நான் கட்டி வைத்த யோசனை எல்லாம் சரிந்தது. கல்லுக்கு அடியில் இருந்த துண்டு மில்லிலிருந்து வந்ததல்ல, இந்தத் தகட்டிலிருந்து வந்தது என்று காட்ட உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. நான் வாயால் ஆயிரம் சொன்னாலும் சிநேகிதனைக் காப்பாற்றப் பேசுகிறான் என்பார்கள். தகடு பேசினால்தான் நம்புவார்கள். தகடு பேசினால் அது என்னைப் பற்றியும் பேசும். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை மறைக்க அதற்குத் தெரியாது.

இரண்டாம் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது. எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மில் கேட் ஆபீசுக்குப் போனேன். வீரம் என்று நினைக்காதீர்கள். வீட்டுப் பக்கம் போனால் காமாட்சி முகத்தைப் பார்த்து மனசு மாறிவிடும் என்று சுற்றுவழியில் போனேன்.

விசாரித்த அதிகாரி பட்டாளத்தில் இருந்தவர். கன்னடக்காரர், இங்கிலீஷ் கலந்து நிதானமாகத் தமிழ் பேசுவார். மேஜை மேல் வெள்ளைத்தாள், அதன் மேல் புரோச்சு, பக்கத்தில் விழுந்த கல்லும் அந்தச் சொட்டுத் துண்டும். ஞானமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதைப் பார்க்க எனக்குத்தான் முடியவில்லை.

"நீங்கதான் பத்தரா? இவர் சொல்றார், இதிலே ஒரு பொட்டுத் தங்கம் இல்லே, என் மகள் தலை மேலே ஆணைன்னு. எங்க லேப்லே டெஸ்ட் பண்ணிச் சொல்றாங்க, சுத்தத் தங்கம்னு. நான் யாரை நம்பறது?"

"ரெண்டு பேரும் நெஜம் தான் சார் சொல்றாங்க. தங்கம் நான் வெச்சது. அவருக்கு தெரியாது. அவர் சம்சாரத்துக்கும் தெரியாது."

ஞானமுத்து மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அதிகாரி பார்க்கவில்லை, பேனாவை மூடினார். "சிநேகிதரைக் காப்பாத்த வந்தீங்களா?"

தகட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் துண்டைச் சாமணத்தால் எடுத்து ஓட்டையில் வைத்தார். முதல் ஓட்டையில் சரியாக உட்காரவில்லை. இரண்டாவதில் விளிம்பு தெரியாமல் உட்கார்ந்தது.

"ஓட்டை மூணு இருக்கு. துண்டு ஒண்ணுதானே? மத்த ரெண்டு எங்கே?"

"இதுலயே கீது சார். ரெண்டு கல்லுக்கு அடியில."

"எந்த ரெண்டு? கையாலே தொடாம சொல்லுங்க."

இலை நுனியில் இருந்த கல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்குத்தான் அதிகம் பாடுபட்டேன். மூன்றாவது எது என்று ஞாபகம் வரவில்லை. எட்டு மாதம், நடுவில் எத்தனையோ நகை. பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், பழசும் புதுசும் தெரியாமல் செய்ததுதானே என் பெருமை! இந்தப் பக்கம் இரண்டாவதாக இருக்கும்போல ஒரு நினைப்பு. அதைச் சொல்லிவிடு, தடுமாறினால் கதை என்று நினைப்பார்கள் என்று மனசு அவசரப்படுத்தியது. சொல்லி, திறந்து, அங்கே தங்கம் இல்லாமல் போனால் ஞானமுத்துவின் வேலை அதோடு போயிற்று. உங்களுக்கும் இப்படி நேரம் வரும். வாடிக்கைக்காரரோ அதிகாரியோ எதிரே நின்று பதில் கேட்பார். அரைகுறை நினைப்பைத் தீர்மானமாகச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

"நுனிக் கல்லு ஒண்ணு சார், அது நிச்சயம். இன்னொண்ணு எதுன்னு ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லையா?"

"இல்ல சார்."

அவர் சாமணத்தை என் பக்கம் தள்ளினார். "நீங்களே திறங்க."

நுனிக் கல்லை எடுத்தேன். தங்கம் இருந்தது. இன்னொன்றுக்காக ஒவ்வொரு கல்லாக எடுத்தேன். அடுத்தது பழைய வெள்ளைத் தாள். அதற்கடுத்ததும் வெள்ளைத் தாள். நான் சொல்ல நினைத்த அந்த இரண்டாவது கல்லுக்கு அடியிலும் வெள்ளைத் தாள்தான். சாமணம் வழுக்கியதில் துரைசாணி காலத்துக் கல் ஒன்று விளிம்பு உடைந்தது. ஆறாவதாக எடுத்த கல்லுக்கு அடியில் இருந்தது. அதிகாரி இரண்டு துண்டையும் வாங்கி மிச்ச ஓட்டைகளில் வைத்தார். தகடு முழுசாயிற்று.

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இது உங்களுக்கு எதிரா நீங்களே கொடுக்கிற சாட்சி. தெரியுதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"கல்லு கட்டுனது நான் தானே சார்" என்றேன்.

ஞானமுத்துவுக்கு, நகையை உள்ளே கொண்டுவந்ததற்காக ஓர் எச்சரிக்கையோடு, அடுத்த வாரமே வேலை திரும்பக் கிடைத்தது. என் தகட்டை எடுத்துக்கொண்டு கடைக்குச் சீல் வைத்தார்கள். வாரம் ஒரு முறை ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சீல் எடுக்கும் வரை, பல மாதம், குடை ரிப்பேர் செய்தேன். காமாட்சி லைன் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். சுற்றுவழியில் போனதற்கு மட்டும் என்னை ரொம்ப நாள் திட்டினாள். "என்கிட்ட சொல்லிட்டு போயிருந்தா நானா கைய புடிச்சிருப்பேன்?" என்பாள். பிடித்திருப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அத்தனை மாதத்தில் ஞானமுத்து ஒரு நாள்கூட எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எஸ்தர் மட்டும் ஒரு நாள் வந்து, கழற்றிப் போட்ட புரோச்சை ஒரு கைக்குட்டையில் முடிந்து காமாட்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஒருவனுக்காகக் கடையை இழந்து குடைக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று பொருமினேன்.

கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தப் புரோச்சை எடுத்தேன். உடைந்த கல்லுக்கு வேறு கல் தேடி, பதினொன்றுக்கும் காகிதத் தாளே வைத்துக் கட்டினேன். நான்கு கல் வெளுப்பாகத் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சு முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, நானே அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். நன்றியை வாங்கிக்கொண்டு வரலாம் என்ற எண்ணமும் இருந்தது.

ஞானமுத்து நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார். எஸ்தர் காப்பி கொடுத்தார். புரோச்சைக் கையில் வாங்கிய ஞானமுத்து அதைக் கல் கல்லாக விரலால் தடவினார்.

"பத்தரே, சத்தியமே பண்ணக் கூடாதுன்னு எங்க பாதிரியாரு சின்ன வயசுல சொல்லிக் குடுத்தது. அன்னி வரிக்கும் நான் ஒரு சத்தியம் பண்ணவன் இல்ல. அன்னிக்கு பயத்துல, வேலை பூடுமேன்ற பயத்துல, லில்லி தல மேல ஆணையா ஒரு பொட்டுத் தங்கம் இல்லன்னு சொல்லிட்டேன். அது பொய்யா பூடுச்சே."

"அது உங்க பொய் இல்லீங்க. என்னுது."

"சொன்ன வாய் என்னுது தானே?" அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீங்க வந்து என் வேலைய காப்பாத்துனீங்க. உங்க கடை மூடிட்டாங்கன்றதும் தெரியும். அதுக்கு உங்க கால்ல வுழலாம். ஆனா அவ ஒரு தும்மல் தும்முனா எனக்கு தூக்கம் வரமாட்டேன்னுது பத்தரே. அதான் உங்க மூஞ்சில முழிக்க முடியல."

நான் கடையை இழந்தேன், அவருக்கு வேலை பிழைத்தது, சரிக்குச் சரி என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். ஒரு குன்றிமணித் தங்கத்தால் அந்த மனிதனுக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கத்தில் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "லில்லி, இங்க வாம்மா." அந்தப் பெண் பாட்டுப் புத்தகத்தோடு வந்து அப்பா முன்னால் நின்றாள். அவர் புரோச்சை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையை அவள் தலைக்கு மேல் கொண்டுபோனார். தொடவில்லை.

"இதுல தங்கம் கீதா பத்தரே?"

"இல்லீங்க."

"அன்னிக்கு சொன்னத இன்னிக்கு ஒரு தபா நெஜமா சொல்லிடறேன். அதோட வுட்டுடறேன். சொல்லலாமா?"

பதினோரு தாளையும் வைத்தவன் நான்தான். என் பெட்டியில் தங்கம் என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனாலும் அந்தக் கை அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தபோது, தெரியும் என்ற நினைப்பை மட்டும் நம்பிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்று புரோச்சைத் திரும்ப வாங்கினேன். ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அப்போதுதான் கட்டி முடித்த கல்லை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொரு குழியிலிருந்தும் தாளை எடுத்து, கிழித்து, காகிதம்தான் என்று மூன்று பேருக்கும் காட்டினேன். எஸ்தர் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கடைசியில் பதினோரு கல்லும் தட்டில் கிடந்தன, இலை வெறும் குழிகளாக என் கையில் இருந்தது. அதை ஞானமுத்துவின் கையில் வைத்தேன்.

"இப்போ சொல்லுங்க" என்றேன்.

அவர் மகளின் தலையில் கை வைத்துச் சொன்னார்.